நுரையீரல் தமனி அடைப்பும் செவிலியரின் காவலும்

இரத்தக் குழாயில் அடைப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. இதயத்துக்கு உணவூட்டும் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் பக்கவாதம். இவ்விரண்டையும் கேள்விப்படாதவர் இல்லை. ஆனால் இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய மூன்றாவது அடைப்பு ஒன்று உண்டு. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தத்தை எடுத்துச் செல்லும் தமனியில் ஏற்படும் அடைப்பு அது. மருத்துவர்கள் இதனைப் பல்மனரி எம்பாலிசம் என்பர். நாம் 'நுரையீரல் தமனி அடைப்பு' என்று கூறலாம்.

இந்த அடைப்புக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. அடைப்பது நுரையீரலில், அடைக்கும் பொருள் பிறப்பதோ பெரும்பாலும் காலில்! நன்றாகத் தேறி வருகிறார், நாளை வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோரும் எண்ணிக் கொண்டிருக்கும் நோயாளியைத் திடீரென்று தாக்குவதும் இதுவே.

மருத்துவக் கட்டுரையில் இயற்பியல் ஆசிரியருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அழுத்தம், பாய்மங்களின் ஓட்டம், ஒளி உட்கவர்தல், அரை ஆயுட்காலம் என்று வகுப்பறைக் கரும்பலகையில் நாம் எழுதுபவை யாவும் இந்த நோயாளியின் கட்டிலருகே உயிரோடு நடமாடுகின்றன. செவிலியர் செய்யும் ஒவ்வொரு சிறு செயலுக்கும் பின்னே ஒரு விதி நிற்கிறது. அதைப் புரிந்துகொண்டால், 'சிஸ்டர் ஏன் இப்படிச் சொல்கிறார்?' என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். நோயாளியின் உறவினர் செய்யக்கூடிய சில பெருந்தவறுகளும் தவிர்க்கப்படும்.

காலில் ஓர் இறைப்பான்

நீங்கள் நிமிர்ந்து நிற்கும்போது, இதயத்துக்கும் பாதத்துக்கும் இடையே ஏறத்தாழ 120 செ.மீ. உயரமுள்ள இரத்தத் தம்பம் நிற்கிறது. தம்பத்தின் அழுத்தம் என்பது உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் என்பது நாம் அறிந்ததே. கணக்கிட்டுப் பார்த்தால் அசையாமல் நிற்பவரின் பாதச் சிரைகளில் சுமார் 90 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்கும். இவ்வளவு உயரத்துக்கு இரத்தத்தை மேலே ஏற்றுவது யார்? இதயம் தள்ளும் விசை நுண்ணிய தந்துகிகளைக் கடந்து வருவதற்குள் பெரும்பாலும் செலவாகிவிடுகிறது.

அந்த வேலையைச் செய்வது கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. சிரைகளினுள் மேல்நோக்கி மட்டுமே திறக்கும் சிறு தடுக்கிதழ்கள் உள்ளன. ஆகவே பிழியப்பட்ட இரத்தம் மேலே மட்டுமே செல்லும், கீழே திரும்பாது. கைப்பம்பில் தண்ணீர் அடிப்பது போன்றதே இது. நடக்கத் தொடங்கியதும் பாதச் சிரையின் அழுத்தம் 30 மி.மீ. அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நடை நின்றால் இறைப்பானும் நிற்கிறது, இரத்தம் தேங்குகிறது.

தேங்கிய இரத்தம் எல்லாம் உறைந்துவிடுமா? அப்படியன்று. ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ஷோ 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நோயை ஆராய்ந்தார். நுரையீரலில் காணப்படும் உறைகட்டி அங்கே பிறந்ததன்று, வேறிடத்துச் சிரையிலிருந்து புறப்பட்டு வந்தது என்று காட்டியவர் அவரே. இன்று அவர் பெயரால் மூன்று காரணங்களைச் சேர்த்துக் கூறுகிறோம்: இரத்த ஓட்டம் மந்தமாதல், குழாயின் உட்சுவர் காயப்படுதல், இரத்தத்தின் உறையும் தன்மை மிகுதல். மூன்றும் ஒன்றுகூடும்போது ஆபத்து பலமடங்காகிறது.

இந்த மூன்றும் கூடும் இடங்களை வடசென்னையில் தேடி அலைய வேண்டியதில்லை. துறைமுகத்திலும் எண்ணூர், மணலி, திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளிலும் பளுவான பொருள் விழுந்து தொடை எலும்பு முறிந்தவர் வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரலாம். சரக்குப் பெட்டக லாரியின் ஓட்டுநர் துறைமுக வாயில் வரிசையில் மணிக்கணக்கில் காலை மடக்கி உட்கார்ந்திருக்க நேரலாம். சிறுநீர் கழிக்க இறங்க முடியாதே என்று தண்ணீரையும் குறைத்துக் கொள்வார். இராயபுரத்தில் இராஜா சர் இராமசாமி முதலியார் பெயரால் விளங்கும் அரசு மகப்பேறு மருத்துவமனையில் குழந்தை பெறும் தாய்மாரையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும். பிரசவத்தின்போது இரத்த இழப்பைத் தடுப்பதற்காக இயற்கையே இரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டி வைக்கிறது. பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரை அந்த ஆபத்து நீடிக்கிறது.

வாயில் அடைபட்ட துறைமுகம்

காலில் உருவான உறைகட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பினால் எங்கே போகும்? சிரைகள் இதயத்தை நோக்கிச் செல்லச் செல்ல அகன்றுகொண்டே போகின்றன. ஆகவே வழியில் எங்கும் அது சிக்காது. இதயத்தின் வலது பக்கத்துள் நுழைந்து, நுரையீரல் தமனிக்குள் தள்ளப்படும். அந்தத் தமனியோ மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து குறுகுகிறது. கட்டி அங்கேதான் சிக்குகிறது.

நுரையீரலை ஒரு துறைமுகமாக எண்ணிக் கொள்ளுங்கள். காற்றுப் பைகள் கப்பல் நிற்கும் மேடைகள். ஆக்சிஜன் வந்திறங்கிய சரக்கு. சிவப்பணுக்கள் சரக்கேற்ற வரும் லாரிகள். அடைப்பு ஏற்பட்ட பகுதியில் கப்பல் வந்து நிற்கிறது, சரக்கும் இருக்கிறது. ஆனால் லாரி வரும் சாலை மறிக்கப்பட்டுவிட்டது. எனவே மூச்சு உள்ளே போயும் பயனில்லை. நோயாளி வேகவேகமாக மூச்சு வாங்குகிறார். மார்பில் மருத்துவர் குழாய் வைத்துக் கேட்டால் காற்றோ நன்றாகவே போய் வருகிறது! இந்த முரண்பாடே நோயைக் காட்டிக் கொடுக்கும் குறிப்புகளில் ஒன்று.

இதைவிடப் பெரிய ஆபத்து இதயத்துக்கு நேர்கிறது. இதயத்தின் இடது கீழறை உடல் முழுமைக்கும் இரத்தம் அனுப்புவதால் தடித்த சுவருடையது. சராசரியாக 95 மி.மீ. பாதரச அழுத்தத்தில் வேலை செய்கிறது. வலது கீழறை நுரையீரலுக்கு மட்டும் அனுப்புவது. அதே நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தை அது சுமார் 15 மி.மீ. அழுத்தத்திலேயே தள்ளிவிடுகிறது. ஆகையால் அதன் சுவர் மெல்லியது. திடீரென்று வழி அடைபட்டால் அது திணறுகிறது. முன்பழக்கமில்லாத வலது கீழறையால் சராசரியாக 40 மி.மீ.க்கு மேல் அழுத்தம் எழுப்ப இயலாது என்பது கண்டறியப்பட்ட உண்மை. இந்நோயில் மரணம் பெரும்பாலும் மூச்சுத் திணறலால் வருவதில்லை. வலது இதயம் சோர்ந்து போவதால் வருகிறது. செவிலியர் செய்வதெல்லாம் இந்த மெல்லிய சுவரைக் காப்பதற்கே என்று நினைவில் வைத்துக் கொண்டால், இனி வருபவை எளிதில் விளங்கும்.

கட்டிலருகே முதல் ஒரு மணி நேரம்

வடசென்னை மக்களின் பெரிய மருத்துவமனை பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை. 1782-இல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்தின் வழிவந்ததால் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பது அதன் பழைய பெயர். 1938-இல் அங்கே மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் அடிபட்டவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஏற்று வருவது அந்த மருத்துவமனை. அத்தகைய பொது மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டு ஒன்றை மனத்தில் கொள்வோம். அங்கே 45 வயதுத் தொழிலாளி ஒருவர் இருப்பதாகக் கற்பனை செய்வோம். தொடை எலும்பு அறுவை முடிந்து எட்டாம் நாள். காலையில் கழிவறைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்கிறார். மூச்சு வாங்குகிறது, முகம் வியர்க்கிறது, 'சிஸ்டர், ஏதோ ஆகப் போகிறது எனக்கு' என்கிறார்.

முதலில் அறிய வேண்டியவர் செவிலியர். மருத்துவர் வார்டைச் சுற்றி வருவது ஒன்றிரண்டு முறை. செவிலியர் இருப்பது நாள் முழுவதும். அவர் செய்வது என்ன?

நோயாளியைத் தனியே விட்டுச் செல்லமாட்டார். மற்றொருவரை அனுப்பி மருத்துவரை அழைப்பார். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்துவார். மல்லாந்து படுத்திருக்கும்போது வயிற்றுறுப்புகளின் எடை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. சாய்ந்து உட்கார்ந்தால் அந்த எடை கீழே இறங்கி, மூச்சு இழுக்கும் வேலை குறைகிறது. ஆனால் இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்திருந்தால் மூளைக்கு இரத்தம் ஏற வேண்டுமே. அப்போது தலையை உயர்த்தக் கூடாது. ஆகவே முதலில் இரத்த அழுத்தம் பார்ப்பது இன்றியமையாதது. மேல் அழுத்தம் 90-க்குக் கீழே இறங்கினால் அது அபாயச் சங்கு.

அடுத்து மூச்சை எண்ணுவது. கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் எண்ணுவதில் நேரும் ஒரு பிழை நான்கு பிழையாகும் என்பது அளவியலின் பாலபாடம். நலமான பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. அது 20-ஐத் தாண்டுவதும் நாடி 100-ஐத் தாண்டுவதும் வேறு காரணம் தெரியாத நிலையில் வந்தால் ஐயப்பட வேண்டும். பெரிய அடைப்பில் இந்த அளவுகளை 15 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே வருவர். ஒற்றை எண்ணைவிட எண்களின் போக்கே செய்தி சொல்லும். நாடி 104, 112, 120 என்று ஏறிக்கொண்டும் அழுத்தம் 110, 102, 94 என்று இறங்கிக்கொண்டும் இருந்தால், அடுத்த எண் என்ன என்பதை வரைபடம் வரையத் தெரிந்த எந்த மாணவரும் கூறிவிடலாம்.

கால்களையும் அளப்பார் செவிலியர். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கையால் தடவினால் தென்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே மையால் கோடு இட்டு, அங்கே நாடாவைச் சுற்றி இரு கால்களையும் ஒப்பிடுவார். ஒரு கால் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் அங்கே உறைகட்டி இருக்கலாம் என்று கருதுவர். மைக்கோடு எதற்கு? நாளைக்கும் அதே இடத்தில் அளந்தால்தானே ஒப்பீடு செல்லும்!

விரல் நுனியில் ஒளி

விரலில் கவ்வும் சிறு கருவியான ஆக்சிமீட்டரை 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனாப் பெருந்தொற்று வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது. அந்நோயிலும் இரத்தம் உறையும் தன்மை மிகுந்து, நுரையீரல் தமனி அடைப்புகள் நேர்ந்தன என்பது நினைவிருக்கலாம். கருவியின் தத்துவத்தை 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி கண்டறிந்தார். சிவப்பு ஒளி ஒன்றும் அகச்சிவப்பு ஒளி ஒன்றும் விரல் வழியே மாறி மாறிச் செலுத்தப்படுகின்றன. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஏற்றாத ஹீமோகுளோபினும் இவ்விரு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உட்கவர்கின்றன. தோலும் எலும்பும் உட்கவர்வது மாறாத அளவு. தமனி இரத்தம் உட்கவர்வதோ நாடித் துடிப்புக்கேற்பக் கூடிக் குறையும். அந்தத் துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்கிடுவதே கருவியின் சாமர்த்தியம்.

இதிலிருந்து இரண்டு எச்சரிக்கைகள் கிடைக்கின்றன. நகப்பூச்சும் அடர்ந்த கறுப்பு மெகந்தியும் ஒளியை மறிக்கும்; குளிர்ந்த விரலில் துடிப்பு மெலியும். இவை முதல் எச்சரிக்கை. இரண்டாவது இன்னும் முக்கியமானது: எண் 96 என்று காட்டுவதாலேயே அடைப்பு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. வேகமாக மூச்சுவிட்டு உடல் ஈடுகட்டிக் கொண்டிருக்கலாம்.

எண் 90-க்குக் கீழே இறங்கினால் ஆக்சிஜன் தருவது கட்டாயம். காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது. மூக்குக் குழாய் வழியே நிமிடத்துக்கு 2 லிட்டர் செலுத்தினால் மூச்சில் அது சுமார் 28 விழுக்காடாகிறது. சாலை மறிக்கப்பட்ட பகுதிக்கு இதனால் பயனில்லை. ஆனால் திறந்திருக்கும் பகுதிகளில் அவசரமாக ஓடும் ஒவ்வொரு சிவப்பணுவும் முழுச் சரக்கேற்றிச் செல்ல இது உதவுகிறது.

நீரேற்றுவதில் நிதானம்

இரத்த அழுத்தம் இறங்கியதும் 'ஒரு பாட்டில் ஏற்றுங்கள்' என்று உறவினர் பதறுவது இயல்பு. வயிற்றுப்போக்கில் அது சரி. இங்கே அது தீமையாகலாம். ஏன்?

உருண்டையான பையின் சுவரில் ஏற்படும் இழுவிசை, உள்ளழுத்தத்தையும் ஆரத்தையும் பொறுத்துக் கூடும் என்பது லாப்லாஸ் விதி. ஊதிய பலூனை மேலும் ஊதினால் சுவர் விறைத்து மெலிவதை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே வீங்கித் திணறும் வலது கீழறைக்குள் மேலும் நீரைப் புகுத்தினால் அது இன்னும் வீங்குகிறது. சுவரின் இழுவிசை ஏறுகிறது. இரு கீழறைகளுக்கும் நடுச்சுவர் ஒன்றே ஆதலால், அச்சுவர் இடப்பக்கம் பிதுங்கி இடது கீழறையின் இடத்தையும் பறிக்கிறது. விளைவு: நீர் ஏற்ற ஏற்ற அழுத்தம் மேலும் இறங்குகிறது! ஆகவேதான் மருத்துவர் சிறு அளவே எழுதுகிறார். பொதுவாக அரை லிட்டருக்கு மேல் போவதில்லை. செவிலியர் அதைத் துளித்துளியாகக் கண்காணிக்கிறார். மறுபக்கம் சிறுநீரையும் அளக்கிறார். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி.யாவது வர வேண்டும். அது குறைந்தால் சிறுநீரகத்துக்கே இரத்தம் போதவில்லை என்று பொருள்.

மருந்து செய்வதும் செய்யாததும்

ஸ்கேன் படத்தில் அடைப்பு உறுதியானதும், சில சமயம் அதற்கு முன்பேயும், ஹெப்பாரின் என்னும் மருந்து தொடங்கப்படும். இங்கே பலர் தவறாக எண்ணும் செய்தி ஒன்று உண்டு. ஹெப்பாரின் உறைகட்டியைக் கரைப்பதில்லை! மேலும் வளராமலும் புதிதாகத் தோன்றாமலும் தடுக்கிறது, அவ்வளவே. கரைப்பது நம் உடலிலேயே உள்ள பிளாஸ்மின் என்னும் நொதி. அதற்கு நாட்களும் வாரங்களும் ஆகும். அந்த இடைவெளியில் நோயாளியைக் காத்து நிற்பதே சிகிச்சையின் பெரும்பகுதி.

வெறும் தடுப்பினால் என்ன பயன் என்று கேட்கலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பாரிட், ஜோர்டன் என்னும் இரு மருத்துவர்கள் செய்த ஆய்வு 1960-இல் வெளியாயிற்று. மருந்து தரப்படாத 19 பேரில் 5 பேர் மீண்டும் அடைப்பு நேர்ந்து இறந்தனர். மேலும் 5 பேருக்கு இறப்பில்லாமல் அடைப்பு திரும்ப வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூட அடைப்பினால் இறக்கவில்லை. கொல்வது பெரும்பாலும் இரண்டாவது கட்டி என்பதும், அதைத் தடுக்க முடியும் என்பதும் அன்றே தெளிவாயின.

ஹெப்பாரினை ஏன் இடைவிடாமல் விசைப்பம்பு வழியே செலுத்துகிறார்கள்? இங்கே கதிரியக்கப் பாடம் கைகொடுக்கிறது. உடலில் இதன் அரை ஆயுட்காலம் சுமார் ஒன்று முதல் ஒன்றரை மணி. ஒன்றரை மணி என்றே கொண்டாலும், பம்பு 3 மணி நேரம் நின்றுபோனால் மருந்து நாலில் ஒரு பங்காகிவிடும். இரவில் குழாய் மடிந்து 'பீப்' என்று ஒலிக்கும் பம்பை 'தூக்கம் கெடுகிறது' என்று உறவினர் அணைத்துவிடக் கூடாது. உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும். இப்போது பலருக்கு வயிற்றுத் தோலின் கீழே போடும் குறுமூலக்கூறு ஹெப்பாரின் ஊசியே போதுமானதாக உள்ளது. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் அங்கே இரத்தம் கன்றும்.

உறைவதைத் தடுத்தால் கசிவது எளிதாகும் அல்லவா? ஆகவே செவிலியரின் கண்கள் ஓயாமல் தேடுகின்றன: ஈறில் இரத்தம், மூக்கில் இரத்தம், சிவந்த சிறுநீர், தார் போன்ற கரிய மலம், காரணமில்லாத கன்றல், திடீர்த் தலைவலி. தசையில் ஊசி போடுவது தவிர்க்கப்படும். ஊசி எடுத்த இடத்தைப் பல நிமிடம் அழுத்திப் பிடிப்பர். பல் துலக்க மென்மையான பிரஷ் தருவர். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைச் சோதித்து, இயல்பைப்போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்குக்குள் நிறுத்துவர்.

அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தான நிலையில் மட்டும், கட்டியை நேரடியாகக் கரைக்கும் ஆல்டெப்லேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற மருந்துகளைத் தருகிறார்கள். இவை உடலெங்கும் உள்ள உறைவுகளைக் கரைப்பதால் மூளையிலும் கசிவு நேரலாம். அறுவை நடந்து சில நாட்களே ஆனவருக்கு மருத்துவர் மிகவும் தயங்கியே தருவார். தந்தபின் நோயாளியின் பேச்சு குழறுகிறதா, கைகால் தளர்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவர் செவிலியர்தான்.

காலை நீவலாமா? நடக்கலாமா?

நம் வீடுகளில் கால் வீங்கினால் தைலம் தடவி நீவிவிடுவது வழக்கம். அன்பினால் செய்வதுதான். ஆனால் உறைகட்டி இருக்கும் காலை நீவுவது, சுவரில் ஒட்டிக் கிடக்கும் கட்டியைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பி வைப்பதாகலாம். கெண்டைக்கால் வலியோடு ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், மருத்துவர் பார்க்கும் வரை எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவே கூடாது.

அப்படியானால் அசையவே கூடாதா? முன்பு பல நாள் கடும் படுக்கை ஓய்வு விதித்தார்கள். இப்போது கருத்து மாறிவிட்டது. மருந்து வேலை செய்யத் தொடங்கி, மூச்சும் அழுத்தமும் நிலைப்பட்டதும் மருத்துவர் அனுமதியோடு மெல்ல நடக்கவிடுகிறார்கள். முதன்முறை எழும்போது செவிலியர் உடன் நிற்பார்: கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, நாடி பார்த்து, பிறகே நிற்கவைப்பார். மலச்சிக்கல் வராமலும் பார்த்துக் கொள்வார். முக்கும்போது மார்பின் உள்ளழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் திடீரெனக் குறைகிறது. திணறும் இதயம் அதைத் தாங்காது.

அச்சமும் ஒரு சுமையே. பயந்தவருக்கு நாடி ஏறுகிறது. இதயத்துக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. 'நான் இங்கேயேதான் இருக்கிறேன், பெரியவரே. மெதுவாக மூச்சு விடுங்கள்' என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது வெறும் ஆறுதலன்று. இதயத்தின் வேலையைக் குறைக்கும் சிகிச்சையும் ஆகும்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் பாடம்

ஆபத்து நீங்கியபின் குறைந்தது 3 மாதம் மாத்திரை தொடர வேண்டும். பழைய மாத்திரை வார்ஃபரின். இதன் கதை சுவையானது. கெட்டுப்போன குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்ததை ஆராய்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் லிங்க் குழுவினர் அதன் நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கும் மருந்தாயிற்று! இதை உண்பவர் ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனையைக் குறித்த நாளில் செய்துகொள்ள வேண்டும். நலமானவருக்கு அது சுமார் 1. இவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டும்.

கீரைகளில் உள்ள வைட்டமின் 'கே' இம்மருந்துக்கு எதிராக வேலை செய்கிறது. அதற்காகக் கீரையையே விட்டுவிட வேண்டாம். ஒரு வாரம் நாள்தோறும் முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றாமல், எப்போதும் ஒரே அளவாக உண்டால் போதும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் மருத்துவரிடம் சொல்லாத நாட்டு மருந்துகளும் ஆபத்தானவை. இக்காலத்தில் ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். சோதனை தேவையில்லை, ஆனால் அவற்றின் வேலை ஒரே நாளில் தேய்ந்துவிடுவதால் ஒருவேளைகூடத் தவறவிடலாகாது. மாத்திரை நேரத்தையும் அபாயக் குறிகளையும் நோயாளியிடம் சொல்லி, அவர் வாயாலேயே திரும்பச் சொல்லவைத்துக் கேட்பார் நல்ல செவிலியர். ஆசிரியர்கள் அறிந்த முறைதான் இது.

நம் நாட்டில் இந்நோய் அரிது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1996 முதல் 2005 வரை செய்த கணக்கெடுப்பில், சேர்க்கப்பட்ட 10,000 நோயாளிகளுக்கு ஏறத்தாழ 17 பேர் வீதம் ஆழ்சிரை உறைகட்டி உறுதியாயிற்று. தேடியபோது கிடைத்தது, தேடாதவரை இல்லை என்று எண்ணியிருந்தோம்.

வருமுன் காப்பது நம் கையில், இல்லை, நம் காலில் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவர் மருத்துவர் தடை சொல்லாவிட்டால் பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். மணிக்கு ஒருமுறை பத்துத் தடவை செய்தாலே இறைப்பான் வேலை செய்யும். லாரி ஓட்டுநர் வரிசை நிற்கும்போது இறங்கி நாலடி நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். பிரசவித்த பெண்ணுக்குத் தண்ணீரைக் குறைத்து, எழவிடாமல் படுக்கவைக்கும் வழக்கத்தைப் பாட்டிமார் கைவிடட்டும். அறுவைக்குப்பின் செவிலியர் 'எழுந்து நடங்கள்' என்று வற்புறுத்தினால் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் கெண்டைக்கால் இறைப்பானை இயக்கச் சொல்கிறார்.

அறுவை, எலும்பு முறிவு, பிரசவம் ஆகியவற்றுக்குப் பின் வீட்டிலிருப்பவருக்குத் திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கையில் மார்பு குத்தினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ, வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். வந்தவர்களிடம் 'இத்தனை நாளாகப் படுக்கையில் இருந்தார், இந்தக் கால் வீங்கியிருந்தது' என்ற இரண்டு செய்திகளையும் மறவாமல் சொல்லுங்கள். மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள குறிப்பு வேறில்லை.